ரோஜாவுக்கு வரன் பார்க்கலாமா?

வாசல் வளைவுல கொடி ரோஜா ஏத்தி விட்டிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? பூத்தா சூப்பர். பூக்காத மாசத்துல? வெறும் முள்ளுதான்! அந்த முள்ளுக்கு நடுவுல இன்னொரு கொடி ஊதா கலர்ல பூத்தா எப்படி இருக்கும்? இங்கிலாந்துத் தோட்டங்கள்ல இதுக்குன்னே ஒரு ஃபேமஸ் ஜோடி உண்டு: ரோஜாவும் க்ளெமாட்டிஸும். ஆனா, கலரை மட்டும் பார்த்து முடிச்சுப் போட்டுட்டா ரெண்டுல ஒண்ணு காலி. பொருத்தம் பார்க்கணும்!

போடிமெட்டு பக்கம் மிளகு போடுறவங்களுக்கு இது அத்துப்படி. கொடியை ஏத்த சில்வர் ஓக்கையோ கல்யாண முருங்கையையோ தேடுறது அழகுக்காக இல்லை. மிளகு கணுவுல வேர் விட்டு மரப்பட்டையை ஒட்டிப் பிடிக்கும். கிளையைக் கழிச்சா ஏலத்துக்கு வேண்டிய நிழலை ஏத்தி இறக்கலாம். அதே கணக்குதான் இங்கேயும்.

ஊர்ப் பொருத்தம்: க்ளெமாட்டிஸ் ஹைபிரிட்கள் குளிர்ப் பிரதேசத்துக்காரங்க. போடி டவுன் வெயில்ல தாக்குப்பிடிக்கிறது கஷ்டம். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, 4,000 அடிக்கு மேல போடிமெட்டுல வீடு இருந்தா தாராளமா முயற்சி பண்ணலாம்.

பிடிப்புப் பொருத்தம்: க்ளெமாட்டிஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலைக்காம்பையே சுத்தி ஏறும். தடிமனான கம்பத்தை அதால சுத்த முடியாது. ரோஜாவோட மெல்லிசு கிளைதான் அதுக்கு ஏணி. அதனால ரோஜா முதல்ல நல்லா வேர் பிடிச்சு வளரணும். ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு ஜோடி சேருங்க.

உயரப் பொருத்தம்: இமயமலைக்காரரான ‘மொன்டானா’ 30 அடி தாண்டிப் படரும், ரோஜாவை அப்படியே மூடிடும். 10 அடி சுமாருக்கு நிக்கிற ‘விட்டிசெல்லா’ வகைகளோ, 1860-களிலிருந்து பிரபலமான ‘ஜாக்மனி’யோ போதும்.

வேர்ப் பொருத்தம்: க்ளெமாட்டிஸுக்கு தலைக்கு வெயில், காலுக்கு நிழல். ரோஜா தூரிலிருந்து ஒன்றரை, ரெண்டு அடி தள்ளி நட்டு, வேர்ப்பக்கம் சருகு மூடாக்கு போடுங்க. ஒரே குழியில ரெண்டையும் வெச்சா தண்ணிக்கும் உரத்துக்கும் தினம் சண்டைதான்.

கவாத்துப் பொருத்தம்: இதுதான் ரொம்ப முக்கியம். சில க்ளெமாட்டிஸ் போன வருஷக் கொடியில பூக்கும். அதை ஒட்ட வெட்டினா அந்த சீசன் பூ போச்சு. விட்டிசெல்லா, ஜாக்மனி ரெண்டும் புதுத் துளிர்ல பூக்கிறவை. வருஷம் ஒரு தடவை ஓரடி உயரத்துக்கு வெட்டி, பழைய கொடியை உருவிடலாம். ரோஜாவைக் கவாத்து பண்ண கை நுழைய இடம் கிடைக்கும். க்ளவுஸ் மஸ்ட்! முள்ளுக்காக மட்டுமில்லை, க்ளெமாட்டிஸ் சாறு பட்டா தோல் எரியும்.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இந்த ரெண்டு குடும்பமும் உண்டுங்கிறது தெரியுமா? வெள்ளைப் பூ பூக்குற காட்டுக்கொடி ரோஜா பழனி, நீலகிரி மலைச் சோலை ஓரங்கள்ல ஏறும். சின்னச் சின்ன வெள்ளைப் பூ, பஞ்சு வால் முளைச்ச விதைன்னு காட்டு க்ளெமாட்டிஸும் இருக்கு. ட்ரெக்கிங் போறப்போ பார்த்தா ரசிங்க, போட்டோ எடுங்க, விட்டுட்டு வாங்க. காப்புக்காட்டுல செடியைப் பிடுங்குறது குற்றம். அதோட, பிடுங்கிட்டு வந்த கொடி பெரும்பாலும் உங்க தொட்டியில பிழைக்காது. அங்கே இருந்த ஒண்ணும் போயிடும்.

அப்போ போடி டவுன், தேனி, மதுரைக்காரங்க என்ன பண்றது? இருக்கவே இருக்கு சங்குப்பூ! வெயில் தாங்கும், வெயிட் இல்லாத கொடி, வேர் முடிச்சுல நைட்ரஜனையும் சேர்க்கும். சிவப்பு வேணும்னா மயில்மாணிக்கம். ரெண்டுமே விதை போட்டா வரும். ரோஜாவை மூடுற மாதிரி இருந்தா நுனியைக் கிள்ளி விடுங்க.

நர்சரிக்குப் போனா “எந்தக் கலர் இருக்கு?”ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, “எவ்வளவு உயரம் போகும்? எப்போ வெட்டணும்?”னு கேளுங்க. பதில் தெரிஞ்ச செடியை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க!