தூய நீருக்கு மக்கள் கொடுக்கும் விலை

சந்தையில் அரிசிக்கு விலை உண்டு. மண்ணெண்ணெய்க்கும் விலை உண்டு. ஊர்ப் பொது ஊற்றில் அள்ளும் நீருக்கோ விலை இல்லை. விலை இல்லாத ஒன்றின் பெறுமதியை எவ்வாறு கணிப்பது? குறைந்த நிதியைக் கொண்டு எதை முதலில் செய்வது என்று அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் முடிவு செய்யும்போது இந்தக் கேள்வி எழவே செய்கின்றது. சுகாதாரப் பொருளியலும் சுற்றாடல் பொருளியலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கல் கிரேமர். இளமையில் மேற்குக் கென்யாவில் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், பின்னர் அதே பிரதேசத்திலேயே தமது முக்கிய ஆய்வுகளை நடத்தினார். 2019ஆம் ஆண்டு அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஊற்றைக் காத்தல்

மேற்குக் கென்யாவின் கிராமங்களில் பலர் இயற்கை ஊற்றுகளிலிருந்தே நீர் எடுக்கின்றனர். ஊற்றுக் கண் திறந்து கிடந்தால், மழைநீருடன் வரும் கழிவுகள் அதிற் கலந்துவிடும். அதனைச் சீமெந்தால் மூடி, நீர் குழாய் வழியாக வெளிவரச் செய்வதே ஊற்றைக் காத்தல் எனப்படுகின்றது. ஓர் ஊற்றுக்குச் சுமார் 1,000 டொலர் செலவாயிற்று. அதில் ஒரு சிறு பகுதியை ஊர் மக்கள் பெரும்பாலும் உடலுழைப்பாக வழங்கினர்.

கிரேமரும் அவருடன் பணியாற்றிய மூவரும் ஏறத்தாழ 200 ஊற்றுகளைத் தெரிந்தெடுத்தனர். எல்லாவற்றையும் ஒரே காலத்தில் கட்டிமுடிக்க இயலாது. எனவே முதலில் எவற்றைக் கட்டுவது என்பது குலுக்கல் போன்ற முறையில் தீர்மானிக்கப்பட்டது. கட்டிய ஊற்றுகளையும் காத்திருந்த ஊற்றுகளையும் நேர்மையாக ஒப்பிட இது வழிசெய்தது. ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன.

மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பக்டீரியாக்கள் ஊற்றில் 66 வீதத்தால் குறைந்தன. ஆனால் வீட்டில் சேமித்துவைத்த நீரில் குறைந்தது 24 வீதம் மாத்திரமே. ஊற்றுக்கும் வாய்க்கும் இடையில் குடம் உண்டு, கை உண்டு, அள்ளும் கோப்பை உண்டு. வழியில் நீர் மீண்டும் அசுத்தமாகலாம். வேறு ஊற்றுகளின் நீரும் அதே வீட்டுக்கு வருவதுண்டு. எனினும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வயிற்றோட்டம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

கால்கள் சொல்லும் விடை

இனிப் பெறுமதியைப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு அருகில் மூடப்படாத ஊற்று ஒன்றும், சற்றுத் தொலைவில் மூடிய ஊற்று ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். தூய நீருக்காக அக்குடும்பத்துப் பெண் கூடுதலாக எத்தனை நிமிடம் நடக்க ஆயத்தமாயிருக்கின்றாள்? அந்த நேரத்தின் உழைப்புப் பெறுமதியே அவள் கொடுக்கும் விலை. இந்த வழியிற் கணித்தபோது, கிடைத்த தொகை மிகச் சிறியதாயிருந்தது. “எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று வாயாற் கேட்டபோது மக்கள் சொன்ன தொகையிலும், குழந்தை உயிர்களைக் காப்பதற்குச் சுகாதாரத் திட்டமிடுவோர் கணிக்கும் பெறுமதியிலும் அது வெகுவாகக் குறைந்திருந்தது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். “ஏழைகள் தூய நீரை மதிப்பதில்லை, ஆகவே கொடுத்துப் பயனில்லை” என்று இதனை வாசிப்பது தவறு. வருமானம் உயரும்போது உடல்நலத்துக்காகச் செலவிடும் விருப்பம் அதைவிட வேகமாக உயருகின்றது என்ற விளக்கத்துக்கே இம்முடிவு பொருந்துகின்றது. அன்றாட உணவுக்கே உழைப்புப் போதாத தாய், இன்னொரு மைல் நடக்கும் நேரத்தைத் தோட்டத்திற் செலவிடுகின்றாள். குறைந்து நிற்பது அவளுடைய அன்பு அன்று, வருமானமே.

ஊற்று யாருக்குரியது?

அங்கே ஊற்றுள்ள நிலம் தனியாருடையதானாலும், அயலவர் இலவசமாக நீர் அள்ள இடங்கொடுப்பது வழக்கம். உரிமையாளர் கட்டணம் அறவிட அனுமதித்தால் ஊற்றுகளைத் தாமே சீர்செய்வார் என வாதிடுவோர் உண்டு. மேற்படி ஆய்வின் கணிப்பு வேறு. மக்களால் கொடுக்கக்கூடியது சொற்பம் ஆதலால் புதிய முதலீடு அதிகம் வராது. கட்டணமோ பலரை மீண்டும் அசுத்த நீருக்கே தள்ளிவிடும். வருமானம் உயர்ந்த இடத்திலும், நீர் அரிதான இடத்திலும் தனியுடைமை கூடுதலாகப் பயன்தரக்கூடும் என்பதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை.

தொடர்ந்த பரிசோதனைகள் அடுத்த படியைக் காட்டின. நீரைச் சுத்திகரிக்கும் குளோரின் கரைசலைக் கடையில் விலைக்கு வாங்கியோர் மிகச் சிலரே. அதனை நீரெடுக்கும் இடத்திலேயே பெட்டியொன்றில் இலவசமாக வைத்து, ஊரவர் ஒருவரைப் பொறுப்பாக்கியபோது பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பயன்படுத்தின. குடத்தினுள் குளோரின் இருப்பதால், வீட்டில் ஏற்படும் அசுத்தத்துக்கும் அது காவலாகின்றது.

கிணறோ ஊற்றோ அமைக்கும் எவரும் இதிலிருந்து மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளலாம். குழாயடியில் மட்டுமன்றி வீட்டுக் குடத்திலுள்ள நீரையும் பரிசோதித்தோமா? சிறு கட்டணம் என்று நாம் நினைப்பது யாரை வெளியே நிறுத்துகின்றது? மக்கள் சொல்வதைக் கேட்பதோடு, அவர்கள் எந்த ஊற்றை நோக்கி நடக்கின்றார்கள் என்பதையும் பார்த்தோமா? திறப்பு விழாவுக்கு முன்னரே இவற்றைக் கேட்பது நல்லது.