கீரைத் தண்ணீரை வடித்தால் டிஎன்ஏவுக்கு என்ன?

அன்னாசியில் 100 கிராமுக்குச் சுமார் 18 மைக்ரோகிராம் ஃபோலேட் என்ற பி வைட்டமின் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 400. பருப்பும் கீரையும்தான் அதை அள்ளிக் கொடுக்கின்றன. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பாதி போச்சு.

ஃபோலேட்டுக்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? ஃபோலேட் குறைந்தால் டிஎன்ஏவில் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில் வந்து உட்காரும். செல் அதை வெட்டியெடுத்துச் சரிசெய்யும். வெட்டு மிகுந்தால் இழையே அறுந்து, புற்றுநோய்க்கு வழிவிடலாம். லிம்போமாக்களில் பெரும்பாலானவை தோன்றும் பி-செல்களோ, கிருமி நுழைந்ததும் நிணநீர்க் கணுவில் படுவேகமாகப் பெருகுபவை. போதாக்குறைக்கு, ஆன்டிபாடியைச் செம்மைப்படுத்தத் தம் டிஎன்ஏவைத் தாமே வெட்டிக்கொள்பவை.

மரபணு எங்கே வருகிறது? ஃபோலேட்டைக் கையாளும் ஒரு நொதிக்கான எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் 677-ஆம் இடத்தில் சிலருக்கு ‘சி’க்குப் பதில் ‘டி’ எழுத்து. அம்மா வழியும் அப்பா வழியும் ‘டி’ வந்தால் அந்த நொதி தளர்ந்துவிடும். ஃபோலேட் குறைந்த உடலில்தான் அது நன்றாக வெளிப்படும். வேடிக்கை என்னவென்றால், அதே தளர்ச்சி தைமின் செய்வதற்கான ஃபோலேட்டை மிச்சம்பிடித்தும் தரலாம். இந்த மரபணுவையும் லிம்போமாவையும் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இந்த ஓர் எழுத்தைக் காட்டி லிம்போமா ஜோசியம் சொல்லும் பரிசோதனைக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.