பசி வருமுன் பையில் இருக்கட்டும்

காலை எட்டரை மணி வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் டிபன் கிடையாது. பதினொரு மணி இடைவேளையில் கேன்டீன் சமோசாவும் டீயும். மதியம் பேருக்கு நாலு வாய். மாலையில் பேக்கரி பப்ஸ், இரவு பதினொன்றுக்கு நூடுல்ஸ். கல்லூரி மாணவர் பலரின் ஒரு நாள் சாப்பாடு இப்படித்தான் ஓடுகிறது. இதற்கு அவர்களின் நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கொலைப்பசி நேரத்தில் கைக்கு எட்டுவதைத்தான் யாரும் சாப்பிடுவார்கள். அதனால் நல்ல தின்பண்டம் பசிக்கு முன்பே பைக்குள் இருக்க வேண்டும். இதற்குச் சமையல் தெரிய வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

பப்ஸும் குளிர்பானமும் ஏன் போதாது?

பப்ஸ், பிஸ்கட், சமோசா எல்லாவற்றுக்கும் அடிப்படை மைதாவும் கொழுப்பும்தான். புரதமும் நார்ச்சத்தும் மிகக் குறைவு. மைதாவும் சர்க்கரையும் சீக்கிரமே செரித்து ரத்தத்தில் குளுக்கோஸாகச் சேர்ந்துவிடும். அந்தத் தெம்பு வந்த வேகத்திலேயே இறங்கவும் செய்யும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பசியும் சோர்வும் வருவது இதனால்தான்.

300 மி.லி. கோலா பானம் ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அந்த அளவு தாண்டிவிடுகிறது.

டீக்கடை பஜ்ஜி, வடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உடலுக்குக் கேடான பொருள்கள் அதில் சேர்கின்றன. எண்ணெய் வடியப் பலகாரத்தைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிவதும் கூடாது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உணவில் ஒட்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. எப்போதாவது ஆசைக்கு வாங்கினாலும் வாழையிலையிலோ தட்டிலோ தரச் சொல்லுங்கள்.

அடுப்பே வேண்டாத பண்டங்கள்

விடுதி அறையில் அடுப்பு கிடையாது. பல விடுதிகளில் மின்கெட்டிலுக்கும் தடை. அப்படிப்பட்ட அறைக்கும் ஏற்ற பண்டங்கள் நம் மளிகைக் கடையிலேயே இருக்கின்றன.

வறுத்த வேர்க்கடலை: 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். கடலையில் கொழுப்பும் அதிகம் என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காறல் வாடை அடிக்கும் கடலையையும் பூஞ்சை பிடித்ததையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் வளரும் பூஞ்சையின் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

பொட்டுக்கடலை: அப்படியே கொறிக்கலாம். வீட்டில் பொடித்துக் கொண்டுவந்தால் இன்னும் வசதி. இரண்டு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் மோரில் கரைத்து, உப்பும் சீரகப்பொடியும் போட்டுக் குடித்தால் மதியச் சாப்பாடு வரை தாங்கும்.

கடலை மிட்டாய், எள்ளுருண்டை: கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாக்லேட்டைவிட இது மேல். கடலையின் புரதம் இதில் இருக்கிறது. ஆனால் வெல்லமும் இனிப்புதான். நாளுக்கு ஒன்று போதும்.

தயிர் அவல்: கெட்டி அவல் இரண்டு கைப்பிடி எடுத்து இரண்டு முறை அலசி, நீரை ஒட்ட வடித்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு அவலை விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். நடுவில் கடுக்கென்றிருந்தால் கொஞ்சம் நீர் தெளித்து இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு தயிர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்துக் கிளறினால் சாப்பிட வேண்டியதுதான். சிவப்பு அவலில் தவிட்டின் நார்ச்சத்தும் உண்டு.

வீட்டிலிருந்து வருவோருக்குச் சுண்டல்

கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு (காராமணி) என்று நாளுக்கு ஒன்றாக மாற்றலாம். கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்தால் காலையில் குக்கரில் வெந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்தால் போதும். தேங்காய்த்துருவல் சேர்த்த சுண்டல் வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிப்போகும். மாலை வரை டப்பாவில் வைத்திருப்பதானால் தேங்காயைத் தவிர்த்து, சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். டப்பாவைக் கட்டும் வேலையைத் தினமும் அம்மா தலையில் போடாமல், முதல் நாள் இரவு ஊறவைப்பதையாவது நீங்களே செய்யுங்கள்.

பழம் என்றால் கொய்யா

ஆப்பிள் விலைக்குப் பயந்து பழத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆரஞ்சைப் போல் நாலு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. பழனிக்குப் பக்கத்து ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யா தெருவோர வண்டிகளிலேயே கிடைக்கும். முழுப்பழமாக வாங்கி நீங்களே கழுவிச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்ததில் ஈயும் தூசியும் சேரும். உரித்துச் சாப்பிடும் வாழைப்பழத்துக்கு அந்தக் கவலையும் இல்லை.

மாணவிகள் கவனத்துக்கு

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் கண் சொக்குவது, முடி கொட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகளாக இருக்கலாம். பயறு, எள், முருங்கைக்கீரை போன்றவற்றில் இரும்புச்சத்து உண்டு. கூடவே கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்தால்தான் உடல் அந்த இரும்பை நன்றாக உறிஞ்சும்.

சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் காபியும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பேரீச்சம்பழம் மட்டும் தின்றால் ரத்தம் ஊறிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொல்கிறபடி மாத்திரை எடுங்கள்.

தேர்வு இரவுகளில்

கண் விழித்துப் படிக்க எனர்ஜி டிரிங்க் வாங்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. 250 மி.லி. டப்பாவில் சுமார் 75 மில்லிகிராம் கஃபீனும், கூடவே நிறையச் சர்க்கரையும் இருக்கின்றன. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் கஃபீனில் பாதி உடலிலேயே தங்கும். படித்தது மனதில் பதிய வேண்டிய தூக்கத்தை அது கெடுத்துவிடும். இரவு பசித்தால் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், கொஞ்சம் பொட்டுக்கடலை போதும். கூடவே தண்ணீர் குடியுங்கள். தாகத்தைப் பசி என்று நினைத்துக் கொறிப்பதும் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

வாரம் ஒருமுறை மளிகைக் கடைக்குப் போய் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அவல் தலா கால் கிலோ வாங்குங்கள். ஈரமில்லாத, காற்றுப் புகாத டப்பாக்களில் போட்டு வையுங்கள். காலையில் கிளம்பும்போது ஒரு சின்ன டப்பாவை நிரப்பிப் பையில் போடுங்கள். அறைத்தோழர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் குறையும்.

தின்பண்டம் சாப்பாட்டுக்கு மாற்று அல்ல; மெஸ்ஸில் மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் வேறு நாள்பட்ட நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பதினெட்டு வயதில் படியும் உணவுப் பழக்கம் பெரும்பாலும் நாற்பதிலும் கூடவே வரும். நாளைக்கே ஒரு கைப்பிடி கடலையோடு தொடங்குங்கள்.