சேற்றைவிட உப்புக்குப் பயப்படுங்கள்

தீவுச் சாலைகள் – 9

சாத்தாம் ஜெட்டியில் வண்டியை ஃபெர்ரியில் ஏற்றினால் கால் மணி நேரத்தில் பாம்பூஃப்ளாட் வந்துவிடும். தரை வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தால் ஃபெரார்கஞ்ச் வழியாக, குடாவைச் சுற்றிக்கொண்டு, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பெட்ரோல் விற்கும் விலையில் யார் அதைச் செய்வார்கள்? அதனால் இக்கரையில் வண்டி வைத்திருக்கும் எவருக்கும், வாழ்நாளில் தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கும்கூட, கடலோடு அன்றாடக் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஏற்றத்தின்போது ஜெட்டியின் சாய்தளம் நனைந்திருக்கும். காற்று அடித்தால் ஃபெர்ரித் தளத்தில் நிற்கும் வண்டியின் அடிவயிறுவரை சாரல் ஏறும். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஜெட்டியின் உப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதுவரை சாலைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் அந்தச் சாலைகளுக்காகவே வாங்கப்படும் ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளைப் பார்ப்போம்: 1985இல் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய மாருதி ஜிப்சி, பழைய மகிந்திரா ஜீப்புகள், இப்போதைய தார், ஜிம்னி. பாம்பூஃப்ளாட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இந்த வண்டிகளுக்கு எத்தனை விதமான சோதனைகள் காத்திருக்கின்றன என்று பாருங்கள். பஜார் பக்கம் நல்ல தார். ஹோப் டவுன் தாண்டினால் மலை ஏற்றம். ஷோல் பே பக்கம் தோட்டங்களுக்குள் பிரியும் செம்மண் தடங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவக்காற்றும் பங்குபோட்டுக் கொட்டுகின்றன. கூடவே கடல். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கே டிக்லிப்பூர் பக்கம் நிலம் உயர்ந்தது. சிப்பிகாட்டிலும் பாம்பூஃப்ளாட் சுற்றுவட்டாரத்திலும் நெல் விளைந்த தாழ்நிலங்கள் சில, கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பாகிவிட்டன.

சரி, நாலு சக்கரமும் இழுப்பது என்றால் என்ன? இன்ஜினின் சக்தி கூடிவிடுவதில்லை. இருக்கிற சக்தி இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்குக்குப் போகிறது, அவ்வளவுதான். பின்சக்கர வண்டியில், மெக்கானிக்குகள் கிரௌன் என்று சொல்லும் டிஃபரென்ஷியல், வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடுகிறது. தாரில் அது வரம்; சேற்றில் சாபம். ஒரு பின்சக்கரம் வழுக்கினால் அது மட்டும் சும்மா சுற்றும். பிடிப்புள்ள மற்றது அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் லீவரை நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹெச்சில் போட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் கொஞ்சம் பிடிமானம் கிடைத்தால் போதும், வண்டி வெளியே வந்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் வழுக்கினால், டிஃபரென்ஷியல் லாக் இல்லாத ஃபோர்வீல் வண்டியும் நிற்கத்தான் நிற்கும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

இந்தப் பூட்டில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் போகும் வட்டம் பெரியது, பின்சக்கரங்களின் வட்டம் சிறியது. இரண்டு ஷாஃப்டும் பூட்டியிருந்தால் இந்த வித்தியாசம் எங்காவது தீர வேண்டும். சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் ஜாயின்ட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி விட்டுவிட்டு இழுக்கும், கடைசியில் லீவர் ஃபோர் ஹெச்சிலிருந்து வெளியே வரவே மறுக்கும். உடனே லீவரை ஓங்கி இழுக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேராக்கி, வண்டியை நாலைந்து மீட்டர் ரிவர்ஸில் விடுங்கள். முறுக்கு தளர்ந்ததும் லீவர் தானாக வழிக்கு வரும். நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியலோ கிளட்ச்சோ உள்ள ஆல் வீல் டிரைவ் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இங்கே ஓடும் ஜீப், ஜிப்சி, தார், ஜிம்னி எல்லாம் தேவைப்படும்போது மட்டும் பூட்டும் ரகம்.

ஹோப் டவுனிலிருந்து மவுன்ட் ஹேரியட் ஏறும் சாலை இதற்குச் சரியான பாடம். 2021இல் மவுன்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்ட மலை இது. 1891 போருக்குப் பின் இங்கே நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களின் நினைவாக. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு சூரிய அஸ்தமனம் பார்க்க இதன்மேல் ஏறினார்; பாதி வழி மட்டக்குதிரையில், மீதி வழி நடந்து. இறங்கிவந்து ஹோப் டவுன் ஜெட்டியில் படகேறப் போனபோது ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். இன்று மேலே வரை தார் போட்டிருக்கிறது. மலை என்று பார்த்ததும் பலர் ஃபோர் ஹெச் போட்டுவிடுகிறார்கள். சாலை காய்ந்திருந்தால் அதற்கு அவசியமே இல்லை. ஏற்றம் செங்குத்தாக இருப்பது வேறு, பிடிப்பு இல்லாமல் இருப்பது வேறு. ஏற்றத்துக்குச் சின்ன கியர் போதும். மழையில் பாசியும் இலைச் சருகும் தாரை மூடியிருந்தால் நேரான பகுதிகளில் ஃபோர் ஹெச் உதவும். கொண்டை ஊசி வளைவில் முரண்டு பிடித்தால் உடனே எடுத்துவிடலாம்.

இறங்கும்போது இன்னொரு பிரமை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி நன்றாக நிற்கும் என்று நினைக்கிறார்கள். எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் ஜிப்சிக்கும் சாதாரணப் பழைய காருக்கும் வேறுபாடு கிடையாது. ஃபோர்வீல் வண்டியின் உண்மையான இறக்கப் பலம் ஃபோர் எல்லில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாகச் சுழலும் லோ ரேஞ்சில், இருக்கிறது. தார் வண்டியில் அது சக்கரத்தின் வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைக்கும். தோட்டத்துக்குள் வழுக்கும் செம்மண் இறக்கம் வந்தால் மேலேயே வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, ஃபோர் எல்லில் முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டே இறக்கும். பாதி இறக்கத்தில் நினைவு வந்து ஃபோர் எல் தேடுவது ஆபத்து. லீவர் நியூட்ரலைக் கடக்கும் அந்தக் கணத்தில் வண்டியை எதுவும் பிடித்திருக்காது.

தண்ணீர் விஷயத்தில் தீவுக்காரர்கள் மெயின்லேண்ட்காரர்களைவிட விவரமானவர்களாக இருக்க வேண்டும், ஆனால் வண்டி வாங்கியதும் சிலருக்கு அது மறந்துவிடுகிறது. 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகலாம் என்று தாரின் கம்பெனி சொல்வது தெளிவான, ஓட்டமில்லாத நல்ல தண்ணீருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதையை மூடியிருப்பது கடல் ஏற்றம் என்றால் ஆறு மணி நேரத்தில் அது தானே இறங்கிவிடும். எந்த கியரும் செய்ய முடியாத வேலையை நிலவு இலவசமாகச் செய்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து காத்திருக்கலாம். கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் வண்டியை நிறுத்தி ஆற விடுங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் சின்ன மூச்சுத்துளை, அதாவது பிரீதர், சேறு அடைத்து மூடிக்கிடந்தால், அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு விரல் பருமன்கூட இல்லாத பிரீதரைத் துடைக்காததால் கிரௌனும் பினியனும் துருப்பிடித்து, ஹவுசிங்கையே பிரிக்க நேரிடும்.

தண்ணீர் புகுந்ததா என்று பார்ப்பது எளிது. வண்டியை இரவு முழுக்கச் சமதரையில் நிறுத்திவிட்டு, காலையில் நகர்த்துவதற்கு முன் அடியிலுள்ள டிரெய்ன் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கி முதலில் அதுதான் சொட்டும். வருவது பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் இரண்டும் ஏற்கெனவே கலந்தாகிவிட்டது. மாற்றியே தீர வேண்டும். இதைச் செய்வதற்கு முன் ஒரு முன்னெச்சரிக்கை: ஆயில் ஊற்றும் மேல் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கீழ் போல்ட்டில் கை வையுங்கள். உப்பில் ஊறிய வண்டிகளில் மேல் போல்ட் இறுகிப்போயிருக்கும். ஆயிலை எல்லாம் வடித்துவிட்ட பிறகு அது தெரியவந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். பெரும்பாலான ஜீப் ரக ஹவுசிங்குகளுக்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தர ஆயில்தான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேறு ஆயில் கேட்கும் வண்டிகள் உண்டு, ஆகவே கையேட்டைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

இனி உப்பு. சேறு கண்ணுக்குத் தெரியும், அதனால் யாராவது கழுவிவிடுகிறார்கள். உப்பு தெரியாது. ஃபெர்ரியில் வந்த வண்டி பார்க்கப் பளபளவென்று இருக்கும். அடியில் பட்டைவில் இடுக்கிலும், ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ளும், ஜாயின்ட் கிராஸ் மூடிகளிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மாற்று ஒன்றுதான்: நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவது. சொல்வது எளிது, மார்ச், ஏப்ரலில் தனிக்காரி அணை வற்றி, குடிநீரே முறைவைத்து வரும் ஊர் இது. அந்த மாதங்களில் வண்டிக்கு ஒரு வாளிக்கு மேல் செலவழித்தால் வீட்டில் அர்ச்சனை கிடைக்கும், அது நியாயமும்கூட. அந்த ஒரு வாளியைப் பளபளக்கும் பானட்டுக்குக் கொடுக்காமல் அடிப்பாகத்துக்குக் கொடுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரே தாராளம். பிரஷர் பம்ப் பிடிப்பவர்கள் குழாயை ஆயில் சீலுக்கும் பிரீதருக்கும் நேராகக் காட்டக் கூடாது. வெளியே இருக்கும் உப்பை உள்ளே தள்ளுவதாகிவிடும். கழுவி முடித்ததும் கிரீஸ் அடிக்க வேண்டும், பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை. தண்ணீரைத் துரத்துவது அந்தப் புதுக் கிரீஸ்தான்.

ஆனால் உப்பு தனியாக வேலை செய்வதில்லை. சும்மா கிடப்பதும் அதனுடன் கூட்டுச் சேர்கிறது. லீவர் ஏறவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனால் விவரமான மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுக்க மாட்டார், "கடைசியா எப்பண்ணே ஃபோர்வீல் போட்டீங்க?" என்று கேட்பார். பதில் பெரும்பாலும் அசட்டுச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஃபோர் ஹெச் போடாத மாதங்களில் லீவரின் இணைப்புக் கம்பிகளும், முன் ஹப் பூட்டுகளும், செலெக்டர் ஃபோர்க்கும் அசையாமல் கிடக்கின்றன. ஹப் திறந்து கிடந்தால் முன் கிரௌனும் சுழலாது. மேல்பாதிப் பற்களில் எண்ணெய் வழிந்து காய்ந்துவிடும். பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் முன்சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும்; கொட்டும் மழையில் இறங்கி, சேற்றில் குந்தித் திருகும்போது அது அசையாமல் நின்றால் யாரை நொந்துகொள்வது? ஜிம்னி போன்ற வண்டிகளில் இந்த வேலையை வெற்றிடக் குழாய் செய்கிறது. குழாயில் கீறல் விழுந்தால் டாஷ்போர்டு விளக்கு மினுக்கும், முன்சக்கரம் இழுக்காது. இதற்கெல்லாம் மருந்து, மாதம் ஒருமுறை ஃபோர் ஹெச்சில் பதினைந்து கிலோமீட்டர், மழைநாளில் அல்லது சரளைத் தடத்தில் ஓட்டுவது. ஃபோர் எல்லையும் ஒருமுறை போட்டு எடுங்கள். இதற்கு மணல் கடற்கரை வேண்டாம். இந்தத் தீவுகளின் கடற்கரைகள் ஆமைகள் முட்டையிடும் இடங்கள்.

டயரை மறந்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். நான்கும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். கப்பல் கூலியும் சேர்ந்து டயர் விலை கடிக்கிறதே என்று இரண்டு மட்டும் புதிதாக மாற்றினால், முன்னும் பின்னும் சுற்றளவு வேறாகும். ஃபோர் ஹெச்சில் நேர்ச்சாலையிலேயே முறுக்கு ஏறத் தொடங்கும். ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து ஐந்தையும் சமமாகத் தேய்ப்பது மலிவான வழி.

உதிரிபாகம் இங்கே தனிக் கதை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் காலையில் கேட்டால் மாலையில் கிடைக்கும் ஆயில் சீல், இங்கே வர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்ட வேண்டும். வானிலை கெட்டால் கப்பல் தள்ளிப்போகும். அதனால் இரண்டு ஜாயின்ட் கிராஸ், ஒரு செட் ஆயில் சீல், முன் ஆக்ஸிலின் ரப்பர் பூட், மூன்று லிட்டர் கியர் ஆயில் வீட்டில் இருக்கட்டும். பூட் கிழிந்தால் அன்றே கவனிக்க வேண்டும்; கிரீஸ் வெளியேறி உப்புமண் புகுந்த ஜாயின்ட், அடுத்த கப்பல் வரும்வரை தாங்காது.

பழைய ஃபோர்வீல் வண்டி வாங்கப் போகிறவர்கள் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரு சோதனை. விற்பவரிடம் கேட்டு வண்டியைச் சரளை மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். ஃபோர் ஹெச் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். மேலே குறையாகச் சொன்ன அதே முறுக்கு இங்கே சாட்சி சொல்லும். ஸ்டியரிங் கனத்து, சக்கரம் சரளையைக் கீறிக்கொண்டு முரண்டு பிடித்தால் முன் ஆக்ஸில் வேலை செய்கிறது, பேரத்தைத் தொடங்கலாம். வெண்ணெயாய்த் திரும்பிவிட்டால் நீங்கள் விலை பேசுவது டூவீல் டிரைவ் வண்டிக்கு. அதற்கேற்ற தொகையைச் சொல்லுங்கள்.

(தொடரும்)