விமானம் ஏறும் முன் மும்பைக் கோட்டையில் ஒரு பகல்

தென் மும்பையின் கோட்டைப் பகுதி, இந்தியப் பெருநகரங்களில் கால்நடையாகப் பார்க்க மிகவும் ஏற்ற இடம். வடக்கே சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையம், தெற்கே கேட்வே ஆஃப் இந்தியா. இரண்டுக்கும் நடுவே சுமார் 2.5 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் மதிலுக்குள் அடங்கியிருந்த ஊர் என்பதால்தான் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு செறிவு. மும்பை வழியாக நெடும்பயணமாக வெளிநாடு செல்பவர்கள் பலருக்கு விமானத்துக்கு முன் ஒரு பகல் மிஞ்சும். பெரும்பாலும் அது விமான நிலையத்தை ஒட்டிய விடுதி அறையிலேயே கழிந்துவிடுகிறது. அந்தப் பகலைக் கொடுக்கக் கோட்டைப் பகுதியைவிடத் தகுதியான இடம் அந்நகரில் வேறில்லை.

கடல் கடந்து போகிறவர்கள் பம்பாயில் காத்திருப்பது பழைய வழக்கம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியக் கப்பல்களுக்கு இந்தியாவின் முதல் வாசலாக இந்தத் துறைமுகம் ஆனது. சட்டம் படிக்க லண்டன் புறப்பட்ட காந்தி, ஜூன், ஜூலை மாதங்களில் கடல் கொந்தளிக்கும் என்று நண்பர்கள் தடுத்ததால் பம்பாயிலேயே தங்க நேர்ந்தது. அந்த நாட்களில்தான் அவருடைய சாதிக்காரர்கள் கூடி அவரை விலக்கிவைத்தார்கள். 1888 செப்டம்பர் 4 அன்று அவர் கப்பலேறினார். 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

ஏழு தீவுகளாகக் கிடந்த பம்பாய், 1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினின் சீதனமாக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் போயிற்று. 1668இல் அவர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கொடுத்தார். கம்பெனி எழுப்பிய மதிலுக்கு அப்பல்லோ கேட், சர்ச் கேட், பஜார் கேட் என மூன்று வாசல்கள். 1860களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் அந்த மதிலை இடிக்கவைத்தார். அதே ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போக, பம்பாய்ப் பஞ்சின் விலை எகிறியது. நகரில் பணம் புரண்டது. மதில் போனதால் கிடைத்த நிலமும் பஞ்சில் வந்த பணமும் சேர்ந்து எழுப்பியதுதான் இன்று பார்க்கும் கோட்டைப் பகுதி. இந்த ஒரு செய்தி மனத்தில் இருந்தால் அங்குள்ள கட்டடங்கள் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

நடையை ரயில் நிலையத்தில் தொடங்குவது நல்லது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இந்த நிலையத்தின் வேலை 1878இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடந்தது; காந்தி கப்பலேறிய அதே 1888இல் முடிந்தது. வாசல் தூண்களில் ஒன்றின் மேல் பிரிட்டனைக் குறிக்கும் சிங்கம், மற்றொன்றின் மேல் இந்தியாவைக் குறிக்கும் புலி. சுவர்களில் மயில், குரங்கு, இலைக்கொடி எனச் செதுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கைவேலை. 2004இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவசரமாக ரயில் பிடிக்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க நேரம் உள்ளவர்கள் எதிர்ப்புறம் மாநகராட்சிக் கட்டடத்தின் அருகே நின்றால் முழு முகப்பும் கண்ணில் படும். 1893இல் முடிந்த அந்தக் கட்டடமும் ஸ்டீவன்ஸ் வடிவமைத்ததே.

நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் தாதாபாய் நவ்ரோஜி சாலையில் வெயிலும் மழையும் அவ்வளவாகப் படாது. கட்டடங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பாணி. ஆனால் எல்லாவற்றிலும் தரைத்தளத்தில் வளைவுகளோடு ஒரு தாழ்வாரம் உண்டு. பாதசாரிகள் நடக்க இப்படி இடம் விட்டே கட்டவேண்டும் என்று 1896இல் விதி வந்தது. இன்று அந்தத் தாழ்வாரத்தில் பாதியைப் பெல்ட், கைப்பை, பழைய நாணயம் விற்கும் கடைகள் பிடித்துக்கொண்டாலும், நடப்பவரை மனத்தில் வைத்து ஒரு தெரு முழுவதையும் கட்டிய அந்த விதியின் பயன் இன்றும் தொடர்கிறது. நம் ஊர்க் கடைவீதிகளுக்கும் இப்படி ஒன்று தேவை.

சாலை முடியும் இடத்தில் 1864இல் அமைத்த ஃப்ளோரா நீரூற்று. பழைய சர்ச் கேட் வாசல் இருந்தது இந்தச் சுற்றுப்புறத்தில்தான். பக்கத்திலேயே தீப்பந்தம் ஏந்திய இருவரின் சிலை நிற்கிறது. மராத்தி பேசும் மக்களுக்கு மும்பையோடு சேர்ந்த தனி மாநிலம் கேட்டு 1950களில் போராடி உயிர்நீத்தவர்களின் நினைவுச் சின்னம் அது. 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. சதுக்கத்தின் பெயர் இப்போது ஹுதாத்மா சௌக்.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஹார்னிமன் வட்டம். நடுவே பூங்கா, சுற்றிலும் ஒரே முகப்போடு வளைந்து நிற்கும் கட்டடங்கள். 1872இல் முடிந்த திட்டம். ‘பாம்பே க்ரானிக்கிள்’ ஆசிரியர் பி. ஜி. ஹார்னிமன் ஆங்கிலேயராக இருந்தும் இந்திய விடுதலையின் பக்கம் நின்றவர். 1919இல் ஆங்கில அரசே அவரை நாடு கடத்தியது. ஆளுநர் எல்ஃபின்ஸ்டனின் பெயரில் இருந்த வட்டத்துக்கு விடுதலைக்குப் பின் அவர் பெயரை வைத்தார்கள். வட்டத்துக்கு எதிரே, முப்பது படிகளுக்கு மேல் கனத்த தூண்களோடு நிற்பது 1833இல் திறந்த டவுன் ஹால். 1804இல் தொடங்கிய ஆசியக் கழகத்தின் நூலகம் இதில்தான் இருக்கிறது. தாந்தேயின் ‘டிவைன் காமெடி’யின் பழங்கால இத்தாலியக் கையெழுத்துப் படி ஒன்று இங்கே பாதுகாக்கப்படுகிறது. உள்ளே போக முடியாவிட்டாலும் இந்தப் படிகளில் கால்மணி நேரம் உட்காரலாம். இந்தப் பக்கத்து மரநிழலில்தான் 1850களில் பங்குத் தரகர்கள் கூடி வியாபாரம் பேசினார்கள். அவர்களின் வழியில் வந்த மும்பைப் பங்குச் சந்தை, சிறிது தூரத்தில் தலால் தெருவில் உயர்ந்து நிற்கிறது.

நேரம் இருப்பவர்கள் வடகிழக்கே பல்லார்டு எஸ்டேட் வரை போய்த் திரும்பலாம். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கடலில் கொட்டி எடுத்த நிலத்தில், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட் 1914–1918இல் அமைத்த அமைதியான அலுவலகத் தெருக்கள் அவை. அதன் முனையில்தான் பல்லார்டு துறை. கப்பலில் வந்தவர்கள் அங்கேயே ரயிலேறி டெல்லிக்கும் பெஷாவருக்கும் போவார்கள்.

ஃப்ளோரா நீரூற்றுக்குத் தெற்கே காலா கோடா. ஓவியக் காட்சிக்கு ஜஹாங்கீர் கலைக்கூடம், படிப்புக்கு 1870இல் கட்டிய டேவிட் சசூன் நூலகம். அருகே சிதைந்து நிற்கும் இரும்புச் சட்டக் கட்டடம் ஒரு காலத்தில் வாட்சன் ஹோட்டல். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இங்கேதான். சினிமாவை இவ்வளவு நேசிக்கும் தமிழர்கள் இந்த வாசலில் ஒரு நிமிடம் நிற்பது நியாயம். உச்சிவெயில் நேரத்தைப் பக்கத்திலுள்ள சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம்.

கேட்வே ஆஃப் இந்தியா, 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்திறங்கியதன் நினைவாக விட்டெட் வடிவமைத்தது. மன்னர் வந்தபோது அங்கே அட்டையால் செய்த தோரணம் மட்டுமே இருந்தது. கல் வளைவு 1924இல்தான் திறக்கப்பட்டது. 1915 ஜனவரி 9 அன்று தென்னாப்பிரிக்க வாழ்வை முடித்துக்கொண்டு காந்தி கரையிறங்கியது இந்த வளைவு நிற்கும் அப்பல்லோ பந்தர் துறையில். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இந்த வளைவின் வழியாகவே வெளியேறியது. பின்னால் நிற்கும் தாஜ்மஹால் ஹோட்டல் வளைவுக்கு மூத்தது, 1903இல் திறந்தது.

கேட்வேயிலிருந்து வடமேற்கே திரும்பி வந்தால், இந்த நடையின் உச்சமான ஓவல் மைதானம். மதிலுக்கு வெளியே வெற்று வெளியாக விட்டிருந்த நிலத்தின் ஒரு துண்டு அது. கிழக்கு ஓரத்தில் 1870களின் கோதிக் கட்டடங்கள்: உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நடுவே 85 மீட்டர் உயர ராஜாபாய் கடிகாரக் கோபுரம். பஞ்சு வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் கொடுத்த பணத்தில், அவருடைய தாயின் பெயரில் எழுந்த கோபுரம். வடிவமைத்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனில் இருந்தே வரைந்து அனுப்பினார். மேற்கு ஓரத்தில் 1930களின் ஆர்ட் டெக்கோ அடுக்குமாடிகள்: வளைந்த பால்கனிகள், நீண்ட சன்ஷேடுகள், முகப்பிலேயே அழகாக எழுதிய வீட்டுப் பெயர்கள். அவை பேக் பே கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் கட்டியவை. ஒன்று அரசின் கம்பீரத்துக்காகக் கல்லில் கட்டியது. மற்றது நடுத்தர வர்க்கத்தின் வசதிக்காகக் கான்கிரீட்டில் கட்டியது. நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அறுபது ஆண்டு இடைவெளியுள்ள இரு காலங்களை ஒரே புல்வெளியில் நின்று இடமும் வலமுமாகப் பார்க்கக் கிடைப்பது அரிது. 2018இல் யுனெஸ்கோ இரண்டு வரிசைகளையும் ஒன்றாகச் சேர்த்து அங்கீகரித்தது. அங்கிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் மரைன் டிரைவ். சூரியன் கடலில் இறங்குவதை அங்கே பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஈரானிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஜொராஸ்ட்ரியர்கள் நடத்திய ஈரானி கடைகள் சில இன்னும் உள்ளன. வெண்ணெய் தடவிய பன் மஸ்காவைச் சூடான டீயில் தோய்த்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். நின்றபடி சாப்பிட வடா பாவ் போதும். ஆனால் மறுநாள் நீண்ட விமானப் பயணம் இருக்கும்போது தெருவோர வெட்டுப்பழம், ஐஸ், சட்னி ஆகியவற்றைத் தவிர்ப்பதே புத்தி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழையில் தெருக்கள் நீரில் மூழ்கும். ஞாயிறன்று அலுவலகங்கள் மூடிக் கிடப்பதால் கட்டடங்களை நிதானமாகப் பார்க்கலாம். மதிய உணவுப் பெட்டி சுமக்கும் டப்பாவாலாக்களையும் அலுவலகக் கூட்டத்தையும் பார்க்க வேலைநாள் வேண்டும். பயணத்துக்கென்று வாங்கிய புதுக் காலணியை அன்று முதன்முறையாக அணியக்கூடாது. கொப்புளத்தோடு விமானம் ஏறவேண்டியிருக்கும். பெட்டிகளையும் பாஸ்போர்ட்டையும் விடுதியில் பத்திரமாக வைத்துவிட்டு, நகல் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

முன்பு விமான நிலையத்திலிருந்து கோட்டைக்கு வந்து திரும்புவதே பெரிய தலைவலி. 2024 அக்டோபரில் ஒரு பகுதியும் 2025 அக்டோபரில் முழுவதுமாகவும் திறந்த மெட்ரோ மூன்றாம் தடம் அதைத் தீர்த்துவிட்டது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் ஓடும் இந்தத் தடத்தில் சர்வதேச விமானங்கள் புறப்படும் இரண்டாம் டெர்மினல், ரயில் நிலையம், ஹுதாத்மா சௌக், சர்ச்கேட் எல்லாமே நிறுத்தங்கள். மாலை வேலை முடியும் நேரத்தில் சர்ச்கேட் லோக்கல் ரயிலில் பழக்கமில்லாதவர்கள் ஏறுவதே கடினம்; சாலையிலோ நெரிசல் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. நடந்து களைத்தவர்கள் அந்த நேரத்தில் மெட்ரோவில் திரும்புவதே சரி.