மீட்கப்பட்ட ஆமை ஏன் சாப்பிட மறுக்கிறது?

கடத்தல் பெட்டியிலிருந்தோ வீட்டுத் தொட்டியிலிருந்தோ மீட்கப்பட்ட நட்சத்திர ஆமை, கீரையை முன்னே வைத்தாலும் பெரும்பாலும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கும். அது பிடிவாதம் அல்ல. மிரட்சி ஒரு காரணம், குளிர்ந்த உடம்பு இன்னொன்று. ஆமையால் தன் உடலைத் தானே சூடேற்றிக்கொள்ள முடியாது. சுற்றுப்புற வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸுக்கு வந்தால்தான் குடல் சரியாக இயங்கும், பசி எடுக்கும். ஆகவே முதலில் இடம், பிறகுதான் இரை. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல், ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, காய்ந்த தரை. ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் விட்டால் தாகம் தீரக் குடிக்கும்.

உணவை ஒரே நாளில் மாற்றக் கூடாது. புல்லின் நாரைச் செரிக்க வைப்பவை குடலில் வாழும் நுண்ணுயிரிகள். சோறும் பழமும் தின்று பழகிய ஆமையிடம் அந்த நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போயிருக்கும். பாசத்தோடு ஊட்டிய சோறுதான் இந்தக் கேட்டைச் செய்தது என்பது வருத்தமான உண்மை. பழகிய உணவோடு அறுகம்புல், செம்பருத்தி இலை, சப்பாத்திக்கள்ளி மடல் என்று சிறிது சிறிதாகக் கூட்டி, சில வாரங்களில் முழுவதும் மாற்ற வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் படாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது. சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் ஓடு மென்மையாகிவிடும்.

இவையெல்லாம் மீட்பு மையங்களின் வேலை. வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். உங்களிடம் ஒன்று இருந்தால், தயவுசெய்து இன்றே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.