கரையோரச் செடிகள் – 9: தனுஷ்கோடியிலிருந்து வந்த இலை

கோயிலுக்கு ஒரு ஸ்தலவிருட்சம் இருப்பதுபோல் சில வீடுகளுக்கும் ஒன்று உண்டு. சென்ற வாரம் உத்தரகோசமங்கை இலந்தை மரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, அதற்கு மூவாயிரம் ஆண்டு வயதென்று ஐதீகம் சொல்வதை எண்ணி வியந்துகொண்டிருந்த என் மனம், ராமநாதபுரத்தில் எங்கள் பழைய வீட்டின் கிழக்குத் தாழ்வாரத்தில், மண்தொட்டி ஒன்றில், பனைமட்டைக் கொம்புகளில் சாய்த்துக் கட்டப்பட்டு, என் அப்பத்தா காலமாகிப் பல வருஷங்களான பிறகும் ஆடி ஆவணியில் தவறாமல் பூத்து வருகிற பிரம்ம கமலத்தின் பக்கம் அடிக்கடி போய் வந்தது. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

பிரம்ம கமலம் என்று நாம் அழைத்தாலும், இமயமலைச் சாரலில் அந்தப் பெயரால் பூஜிக்கப்படுகிற மலர் வேறு. நம் வீடுகளில் இருப்பது கள்ளி வர்க்கத்தைச் சேர்ந்தது. நிஷாகந்தி என்பாரும் உண்டு. மலரின் உட்புறத்தில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைக் கண்டு அனந்தசயனம் என்று கைகூப்புவாரும் உண்டு. கள்ளி என்றவுடன் முள்ளும் பாலைவனமும் கொளுத்தும் வெயிலும் நம் ஞாபகத்துக்கு வருவது இயல்பேயாயினும், இந்தச் செடியின் பூர்விகம் பாலைவனமன்று. மெக்சிகோவின் தென்பகுதியிலும் அதற்குத் தெற்கேயுள்ள மத்திய அமெரிக்க நாடுகளிலும், ஈரமும் நிழலும் நிறைந்த காடுகளில், பெரிய மரங்களின் கவட்டையில் தேங்கிய மக்கிய இலைகளிலே வேர் விட்டுத் தொங்கி வாழ்கிற ஜாதி இது. நாம் இலை என்று சொல்வதும் இலையன்று, தட்டையாகிப்போன தண்டு. அதன் ஓரத்துப் பள்ளங்களிலிருந்துதான் துளிரும் மொக்கும் பிறக்கின்றன. மரக்கவட்டையில் எவ்வளவு மண் இருக்கும், மழை விட்டபின் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும், உச்சிவெயில் எவ்வளவு விழும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தால், இதைப் பராமரிக்கும் முறையில் முக்கால் பங்கு தானாகவே விளங்கிவிடும்.

எங்கள் வீட்டுக்கு இது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்பத்தாவின் தங்கை வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் வந்து நின்று, பிரயாணிகள் தலைமன்னாருக்குக் கப்பலேறிய காலத்தில், அவர்கள் குடியிருந்தது தனுஷ்கோடியில். புயலுக்கு இரண்டு வருஷங்களுக்கு முன், ஒரு தை அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போன அப்பத்தா, தங்கை வீட்டு வாசலில் இருந்த செடியிலிருந்து ஓர் இலையை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றாமல், வெறும் காகிதத்தில் வைத்து எடுத்து வந்தாள். தங்கை குடும்பத்துக்கு மானாமதுரைக்கு மாற்றலாயிற்று. தாய்ச்செடி அங்கேயே நின்றுவிட்டது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு கடல் எழுந்து வந்து தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனதையும், பாம்பனிலிருந்து வந்த ரயில் அந்த ஊரை அடையாமலே அலைக்குள் போனதையும் இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசலும் வீடும் தெருவும் இன்று மணல்.

ஆனால் செடி போகவில்லை. விதையிலிருந்து முளைப்பது பெற்றோரின் பிள்ளை. இலையிலிருந்து தழைப்பதோ அதே செடி, அதே உடல். அப்பத்தா கொண்டுவந்த இலை தனுஷ்கோடிச் செடியின் குழந்தையன்று, அந்தச் செடியேதான். அந்தச் செடியும் வேறு எந்த வாசலிலோ எந்தத் தோட்டத்திலோ இருந்த ஒன்றின் நீட்சி. ஒருவேளை அது தலைமன்னார்க் கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம். இலங்கையில் சிங்களவர்கள் இதைக் கடுபுல் என்று அழைத்து மிகுந்த பக்தியோடு போற்றுகிறார்கள். பழஞ்செடியின் வயதைக் கணக்கிடப் புகுகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுவார்கள். தொட்டிக்கு வயது உண்டு, அடித்தண்டுக்கு வயது உண்டு. செடிக்கு வயது சொல்வது கடினம்.

இலங்கை என்று சொன்னதும் இன்னொரு விசேஷம் நினைவுக்கு வருகிறது. கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. மனிதன் கொண்டுபோய் நடாமல் வெளியே காணப்படுவது ஒரே ஓர் இனம் என்பது பொதுவான கருத்து. நூல் நூலாகத் தொங்கி, புல்லுருவியின் கனிபோல் வெண்ணிறச் சிறு கனி தருகிற ரிப்சாலிஸ் என்னும் அந்தச் செடி, ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும், நமக்கு அக்கரையில், இலங்கைக் காட்டு மரங்களிலும் இருக்கிறது. பறவையின் அலகில் ஒட்டி வந்ததா, கப்பலேறி வந்ததா என்று தாவர சாஸ்திரிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். மேல்நாட்டார் கிறிஸ்துமஸ் கள்ளி என்று கொண்டாடுகிறார்களே, அந்தச் செடிக்கு இது நெருங்கிய பந்து.

அந்தக் கிறிஸ்துமஸ் கள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேசில் நாட்டின் தென்கிழக்கு மலைகளில் பிறந்து, ஐரோப்பாவுக்குப் போய், பாட்டி வைத்த தொட்டியைப் பேத்தி பராமரிப்பது என்ற சம்பிரதாயத்தை அங்கே உண்டாக்கி, நூறு வருஷத்துச் செடிகளாய்ப் பல வீடுகளில் நிற்பது அது. கொடைக்கானலில் ஒரு சிநேகிதர் வீட்டு ஜன்னலில் டிசம்பர் மாதத்தில் அது குங்கும நிறத்தில் பூத்துக் குலுங்கியதைக் கண்டு ஆசைப்பட்டு, ஒரு கிளையை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கோடை பிழைத்திருந்தது. ஒரு மொக்கும் வைக்கவில்லை. காரணம் பிறகே விளங்கிற்று. நீண்ட இரவும் குளிர்ச்சியும் சேர்ந்தால்தான் அது மொக்கு வைக்கும். 10 டிகிரியை ஒட்டிக் குளிர் இறங்கினால் இரவின் நீளத்தைக்கூட அது பொருட்படுத்துவதில்லை. 24 டிகிரிக்கு மேற்பட்ட இரவுகளிலோ மொக்கு அநேகமாக உண்டாவதேயில்லை. நம் கரையில் மார்கழி மாதத்து மிக நீண்ட இரவும் ஏறக்குறைய 12½ மணி நேரந்தான். வெப்பமோ 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கொடைக்கானலிலும் இரவு நம்முடையதைவிட அதிகம் நீளமில்லை. 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர்தான் அங்கே அந்தக் காரியத்தைச் செய்கிறது. ஆகையால் நம் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கள்ளி பிரம்ம கமலமாகவே இருப்பது தற்செயலன்று.

இனித் தொட்டி மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய செடியைக் கொல்லுவது பெரும்பாலும் அலட்சியமன்று, அளவு மிஞ்சிய அன்பு என்பதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். அப்பத்தா மறைந்த வருஷம், அவள் செடிக்கு நல்ல இடம் கொடுக்க வேண்டுமென்ற சிரத்தையினால், பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்றை வாங்கி, கண்மாய்க் கரம்பை மண்ணும் சாணமும் நிறைத்து, அதில் நட்டு, தினமும் தண்ணீர் விட்டேன். ஆறு மாதத்தில் பாதிச் செடி அடி கறுத்துச் சரிந்தது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் உலராமல் தங்கி அழுகலைப் பிறப்பித்துவிட்டது. சிமெண்டின் சுண்ணாம்பு வேறு மண்ணைக் கெடுத்தது. எஞ்சிய பாதியை மீட்டு மறுபடி மண்தொட்டிக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு நெடுநாள் அதைத் தொடவே பயந்தேன். சென்ற தை மாதத்தில்தான், தொட்டியின் துளை வழியே வேர் வெளிவந்து, விட்ட தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடுவதைக் கண்ட பிறகு, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன்.

தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடை இன்னும் தலைகாட்டியிராது, மொக்கும் இராது. மொக்கு வைத்த செடியைத் தொட்டி மாற்றுவதிருக்கட்டும், இடம் மாற்றி வைத்தாலே மொக்கு உதிர்ந்துவிடும். ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு தண்டுகளைப் பழைய வேட்டியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, செடியை இழுக்காமல், தொட்டியைத்தான் சிறு சுத்தியலால் தட்டி உடைத்தேன். தொட்டி போனால் வேறு வாங்கலாம்.

வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே ஒரு பின்னலாய் நின்றன. விரலால் மெல்ல மெல்லப் பழைய மண்ணை உதிர்த்தேன். உயிருள்ள வேர் வெளிர்நிறமாய், இழுத்தால் தாங்கும். செத்த வேர் கறுத்து, தோல் கழன்று கையோடு வரும். செத்தவற்றை மட்டும் கத்தரித்து, வெட்டுவாயில் கரித்தூள் தொட்டு வைத்தேன். அடித்தண்டு மரம்போல் பழுப்பேறி வெடித்திருந்தது. அது நோயன்று, முதுமை. அதை வெட்டவும் கூடாது, மண்ணுக்குள் புதைக்கவும் கூடாது. பின்னலின் அடியில், ஓட்டுச் சில்லுகளோடு, உள்ளங்கையளவு முருகைக்கல் ஒன்று வேர்களால் இறுகப் பற்றப்பட்டிருந்தது. துளைமேல் மண் அடையாமலிருக்க அப்பத்தா பழைய தொட்டியில் வைத்தது, தொட்டிகள் மாறியும் வேர்ப்பிடியோடு கூடவே வந்துவிட்டது. இலையோடு அதுவும் தனுஷ்கோடியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் எங்கள் தெருவில் அந்தக் கல் கிடையாது. அதன் சிறு சிறு பொந்துகளில் நூலினும் மெல்லிய வேர்கள் நுழைந்து மறுபுறம் வந்திருந்தன. முருகைக்கல் சுண்ணாம்பு, சற்றுப் புளிப்பான மண்ணையே விரும்புகிற இந்தச் செடிக்கு அது ஆகாது என்று படிப்பு சொல்லிற்று. அரைமணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொந்துகளில் புகுந்த வேர்களைப் பிய்க்க மனம் வரவில்லை; அறுபது வருஷம் அதைச் சகித்து, அதன்மேலே பூத்தும் வந்த செடிக்கு இனி அது என்ன செய்துவிடும் என்று முடிவு செய்து, இருந்தபடியே விட்டுவிட்டேன்.

புதுத் தொட்டி மானாமதுரையிலிருந்து வந்தது; வைகைக்கரை மண்ணில் வனைந்து சுட்டது. சுற்றிலும் ஓர் அங்குலம் மட்டுமே கூடுதல். வேர் நெருங்கியிருப்பதையே இந்தச் செடி விரும்புகிறது. தொட்டியை எடுத்துக் கொடுத்த வேளார், "ராத்திரி பூராவும் தண்ணியில ஊறப்போட்டு நடுங்கய்யா, காஞ்ச தொட்டி வேர்ல இருக்கற ஈரத்த உறிஞ்சிப்புடும்" என்று சொல்லி அனுப்பினார். மண்கலவைக்கு வெளியூர்ச் சரக்கு எதுவும் தேவைப்படவில்லை. மக்கிய இலையெரு இரண்டு பங்கு. பல முறை அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. ஆற்றுமணல் ஒரு பங்கு, கடல்மணல் அறவே ஆகாது. ஆட்டுப்புழுக்கை எரு இரண்டு கைப்பிடி. இவற்றோடு பட்டாணியளவு உடைத்த கரி ஒரு பங்கு. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்களில் சீமைக் கருவேலங்கட்டை நாள்கணக்கில் புகைந்து கரியாவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கரிதான். நம் மாவட்டத்து நிலத்தைப் பாழாக்கிய மரம் என்று நாம் வைகிற அதே சீமைக் கருவேலம், கரியான பிறகு வேருக்குக் காற்றோட்டமும் மண்ணுக்குச் சுத்தமும் தருகிறது.

பழைய ஆழத்திலேயே நட்டு, மண்ணை அழுத்தாமல் தொட்டியை இரண்டு முறை தட்டி அமரவைத்து, ஒரு வாரம் நிழலில் தண்ணீரில்லாமல் வைத்தேன். கத்தரித்த வேரின் காயம் ஆறுமுன் தண்ணீர் விட்டால் அழுகல் அங்கேதான் தொடங்கும். அதற்குப் பின்னும், விரலின் முதற்கணு ஆழத்தில் மண் உலர்ந்த பிறகே தண்ணீர். தண்ணீர் என்று சொல்லும்போது எந்தத் தண்ணீர் என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கிணற்று உப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டே வந்தால் தொட்டியின் புறத்தில் வெள்ளையாய் உப்புப் பூக்கும்; தண்டின் ஓரங்கள் காய்ந்து சுருளும். நல்ல தண்ணீருக்கு ஊருணிக்கு நடந்து, குடம் குடமாய்ச் சுமந்து வந்த காலத்திலும் அப்பத்தா இந்தச் செடிக்கு உப்புத் தண்ணீர் விட்டதில்லை. அரிசி களைந்த தண்ணீரில் ஒரு செம்பு இதற்கென்று எடுத்து வைப்பாள். இப்போது நான் ஐப்பசி மழையில் அண்டாவில் பிடித்து மூடி வைக்கிறேன். மழைக்காலத்தில் ஒரு நாள் தொட்டியைக் கூரைத் தண்ணீருக்கு நேரே வைத்து, அடித்துளை வழியே தாராளமாக ஓடவிட்டால் வருஷம் முழுவதும் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போய்விடும்; உடனே தொட்டியைத் தாழ்வாரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். காலை வெயில் போதும். ஆனி ஆடியில் கச்சான் காற்று கடலின் உப்பைச் சுமந்து வீசும்போது ஓலைத்தட்டி ஒன்று மறைவாக இருப்பது நல்லது.

தண்டின் பள்ளங்களில் பஞ்சுபோல் வெள்ளையாய்ப் படிவது மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போகும். எறும்பு ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்தப் பூச்சியைப் பேணி வளர்ப்பது எறும்புதான். இதன் தூரத்து உறவான செஞ்சாயப் பூச்சிக்கு நம் சரித்திரத்தில் ஓர் இடமுண்டு. அதை வளர்த்துச் சாயம் எடுக்கும் ஆசையில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். பிற்காலத்தில் வறண்ட ஜில்லாக்களில் சப்பாத்திக்கள்ளி வயலும் வழியும் அடைத்துப் பரவியபோது, 1926இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட அதே வர்க்கத்துப் பூச்சி ஒன்றுதான் அதைத் தின்று ஒடுக்கியது. சப்பாத்திக்கள்ளியின் கதை பெரிது. தனியே ஒரு வாரம் எழுதுகிறேன்.

பங்குனி முடிவில் புதுத்தொட்டியில் செந்நிறமாய் ஒரு துளிர் வந்தது. ஆடி மாதத்தில் ஏழு மொக்குகள். முதலில் தலைகீழாய்த் தொங்கி, பூக்கும் நாளன்று அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்து நிமிர்ந்து, இரவு எட்டு மணி சுமாருக்கு நுனி விரியத் தொடங்கி, நள்ளிரவில் ஒரு சாண் அகலத்துக்கு மலர்ந்தன. அப்பத்தா உயிரோடிருந்தால் விளக்கேற்றி, தெருப்பெண்கள் அத்தனை பேரையும் எழுப்பி அழைத்து வந்திருப்பாள். வந்தவர்களில் யார் கேட்டாலும் மறுநாள் ஓர் இலை உண்டு; "எலை குடுக்காத வீட்ல இது நிக்காது அப்பு" என்பாள். சிமெண்டுத் தொட்டியில் நான் பாதியை இழந்த வருஷத்தில், எதிர்வீட்டிலும் பரமக்குடியிலும் மானாமதுரையிலும் அவள் கொடுத்த இலைகள் முழுச்செடிகளாய் நின்றதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கிற்று.

அன்று ராமேசுவரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை மகளும் வந்திருந்தாள். விடிந்து பூக்கள் துவண்டு தொங்கிய பிறகு, முற்றிய தண்டு ஒன்றை அடிக்கணுவில் அறுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் காய்ப்பேறிய பிறகு நடச் சொன்னேன்.

"உப்புக்காத்துல பொழைக்குமா மாமா?" என்று கேட்டாள்.

அங்கிருந்து வந்ததுதான் என்றேன். அவள் அதை ஈரத்துணியில் சுற்றப் போனாள். வேண்டாமென்று பழைய நாளிதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மடியில் அந்தக் காகிதப் பொட்டலத்தோடு, பாம்பன் பாலம் தாண்டுகிற பத்து மணிப் பேருந்தில் ஏறி அமர்ந்தாள்.

(தொடரும்)